ஏழாம் எண் வரவில்லை

செஞ்சி காந்தி பஜாரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவது என் வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை. வாசலில் நின்று "பன்னெண்டு" என்று கூப்பிடுவேன். பன்னிரண்டாம் எண்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் பதின்மூன்றை உள்ளே அனுப்புவேன். டாக்டர் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்தாலும் மணியை அழுத்திவிடுவார். அந்த மணி அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் குரு சாரின் தட்டச்சு வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் அன்றைய நாளைப் பற்றி ஒரு பக்கம் அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சாரின் விதி. மற்றவர்கள் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் நாலு வரி அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அப்படி வராது. எது எப்போது நடந்தது என்று மணி போடாவிட்டால் அது நடந்ததா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் ஒரு சின்ன நோட்டில் பகல் முழுக்கக் குறித்து வைத்து, மாலையில் அதைப் பார்த்து அடிப்பேன்.

ஜனவரியில் ஒரு நாள் சார் கூப்பிட்டார்.

"நம்ம ஊர்ல சைக்கிள் ட்ரையல் வைக்கிறாங்க. பொம்பளைங்களுக்கு. மாநில டீமுக்கு ஆள் எடுக்கறதுக்கு. லிஸ்ட் அடிக்கவும் நம்பர் கூப்பிடவும் ஓர் ஆள் வேணும்னு கன்னியப்பன் கேட்டாரு. நீ போ மஞ்சு. கூப்பிடற வேலை உனக்குப் புதுசா இன்னா?"

கன்னியப்பன் சார் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். இப்போது மாவட்டச் சைக்கிள் சங்கத்தின் செயலாளர். அவர்தான் எனக்குப் போட்டியை விளக்கினார்.

"இது கும்பலா ஓட்ற ரேஸ் இல்லம்மா. டைம் ட்ரையல். ஒவ்வொருத்தியா, நிமிஷத்துக்கு ஒருத்தியா அனுப்புவோம். அவலூர்பேட்டை ரோட்டுல பத்து கிலோமீட்டர் போயி, திரும்பிப் பத்து கிலோமீட்டர் வரணும். யாரும் யாரு முதுகுலயும் ஒட்டிக்கிட்டுப் போவக் கூடாது. யாரு ஜெயிச்சான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, கழிச்சுப் பாத்தாதான் தெரியும். அதனாலதான் ஒரு ஜனமும் வேடிக்கை பாக்க வரதில்ல."

பட்டியலில் ஒன்பது பெண்கள். ஒன்றாம் எண்ணுக்கு ஆறு முப்பத்தொன்று, இரண்டாம் எண்ணுக்கு ஆறு முப்பத்திரண்டு. ஆறரையோடு எண்ணைக் கூட்டினால் கிளம்பும் நேரம். கடைசி எண் ஒன்பது, போன வருடம் ஜெயித்த சேலத்துப் பெண் மோனிகா, பத்தொன்பது வயது. அவளுக்கு முன்னால் எட்டாம் எண் எலிசபெத். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

மைக்கில் படிக்க ஒவ்வொருவரைப் பற்றியும் ஐந்து வரி வேண்டும் என்றார் சார். மற்ற எட்டுப் பேரிடம் போனில் கேட்டு எழுதினேன். எலிசபெத் அக்காவை மட்டும் நேரில் பார்க்கப் போனேன். வீடு செஞ்சியிலிருந்து ஆறு கிலோமீட்டர், மாதா கோயிலுக்குப் பின்தெரு.

அக்கா வாசலில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி அடைக்கலராஜ் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பதுபோல் போனைப் பிடித்திருந்தார். லோடு வேன் ஓட்டுகிறவர்.

"பேப்பரா, டிவியா?" என்றார் என்னைப் பார்த்து.

"இல்லண்ணா. நான் நம்பர் கூப்பிடற பொண்ணு. கிளினிக்ல டோக்கன்..."

"ஆங், டோக்கன். எங்கம்மாவ ரெண்டு மணி நேரம் உக்கார வச்ச டோக்கன்."

"அவனுக்கு வேற வேலை கெடையாது. நீ கேளு," என்றார் அக்கா.

கேட்டேன். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்தான் ஆரம்பம். கூடையையும் கேரியரையும் கழற்றிவிட்டு மாவட்டப் போட்டியில் ஓட்டி மூன்றாவதாக வந்தார். அப்புறம் விளையாட்டு விடுதி. இருபது வயதில் ரயில்வேயில் வேலை. மாநிலத்தில் ஆறு தங்கம், தேசிய அளவில் இரண்டு வெள்ளி. இருபத்தாறு வயதில் தாய்லாந்தில் ஒரு குழு அவரை ஒப்பந்தம் போட்டு எடுத்தது. இரண்டு பருவம் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டினார். மலேசியாவில் ஒரு மழைநாளில், இறக்கத்தில் முன்னால் போனவள் விழ, அவள்மேல் இவர் விழுந்தார். காறை எலும்பும் இடுப்பும் உடைந்தன. குழு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதெல்லாம் முடிந்து, இப்போது முப்பத்தொரு வயது.

"தாய்லாந்துல ஒரு நாளைக்கி எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?"

"நூறு, நூத்திருவது. மத்தியானம் தூங்குவோம். தூங்கறதும் வேலைதான். தூங்கலன்னா மேனேஜர் திட்டுவாரு."

"எனக்கு அந்த வேலைய வாங்கிக் குடுன்னா குடுக்க மாட்டேங்கிது," என்றார் அடைக்கலராஜ்.

இப்போது இந்த ட்ரையலில் ஓட்டுவது எதற்காக என்று கேட்டேன். அக்கா துணியை மடித்து வைத்தார்.

"தனி ஓட்டத்துக்கு டீம்ல ஒரே எடம். அது கெடைச்சா நேஷனல். நேஷனல்ல மொத மூணுக்குள்ள வந்தா மறுபடி எடுத்துக்கறேன்னு அந்த மேனேஜர் சொல்லியிருக்காரு. ரயில்வேல ரெண்டு வருசமா எனக்குப் பயிற்சிக்குன்னு லீவு குடுத்தாங்க. அது இந்த மாசத்தோட முடியுது. எடம் கெடைக்கலன்னா அடுத்த திங்கக்கிழமை பத்து மணிக்கு விழுப்புரம் ஆபீஸ்ல போயி உக்காரணும். ஃபைலு."

"இத எழுதிக்கவாக்கா?"

"இத எழுதாத. பொறந்த வருசம், வாங்குன மெடலு. போதும்."

கிளம்பும்போது கைப்பிடிக்கு நடுவில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். தூரம், வேகம், கால் எவ்வளவு பலத்தில் மிதிக்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகும் என்றார். நேரத்தை மட்டும் திரையில் வராமல் வைத்திருந்தார். ஓடும்போது நேரத்தைப் பார்த்தால் கால் யோசிக்க ஆரம்பித்துவிடுமாம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் திறந்து பார்ப்பாராம்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய பலகைகளைச் சாய்த்துப் போட்டுக் கிளம்பும் மேடை அமைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் மேடையில் ஏறிக் கால்களைப் பெடலில் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்னாலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர் சீட்டைப் பிடித்துக்கொள்வார். கன்னியப்பன் சார் பெரிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்திலிருந்து எண்ணிக் கையைத் தூக்குவார். மாஸ்டர் விட்டுவிடுவார். யாரை மேடைக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும் என் பொறுப்பு. பட்டியல் என் கையில். அவர்கள் கேட்காவிட்டாலும், ஒவ்வொருத்தி கிளம்பும்போதும் என் நோட்டிலும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

கோட்டை மலையின் உச்சியில் மட்டும் வெயில் பட்டிருந்தது. ஒன்று முதல் ஆறு வரை ஒழுங்காகப் போனார்கள். ஆறு போனதும் "ஏழு" என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஏழாம் எண் திண்டிவனத்துப் பெண். காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. மேடை காலியாக இருந்தது. கன்னியப்பன் சார் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாஸ்டர் வெறும் கையோடு நின்றார். பட்டியலில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.

"எட்டு," என்று கூப்பிட்டேன்.

அக்கா தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இப்பவேவா?"

"ஆமாங்க்கா. உங்க நம்பர்தான். வாங்க."

அக்கா ஏறினார். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. குனிந்த முதுகு சாலையோடு ஒட்டி நேராகப் போனது. நான் எழுதிக்கொண்டேன்.

அடுத்து மோனிகா. அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். "ஒம்பது" என்று கூப்பிட்டேன். வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அவள் தன் கைக்கடிகாரத்தை எனக்குத் திருப்பிக் காட்டினாள்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க."

கன்னியப்பன் சார் "அடுத்தது யாரு?" என்றார். "ஒம்பது சார். கூப்ட்டா வர மாட்டேங்கிறா" என்றேன். ஒரு நிமிடம் மேடை காலியாகவே போயிற்று. திமிர் பிடித்த பெண் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் நோட்டில் எழுதினேன். கடைசி நேரத்தில் அவள் மெதுவாக வந்து ஏறினாள்.

ஏழு மணிக்குமேல் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். முடியும் கோட்டில் வேறொருவர் நேரம் குறித்தார். சென்னையிலிருந்து வந்த அதிகாரி, வந்த நேரத்திலிருந்து பட்டியலில் இருந்த நேரத்தை லேப்டாப்பில் கழித்துக்கொண்டே வந்தார். மோனிகா இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி. எலிசபெத் இருபத்தொன்பது நிமிடம் இருபத்தொரு வினாடி.

அடைக்கலராஜ் சாலை நடுவில் ஆடினார். "விழுப்புரம் ஆபீஸ்ல அந்த நாற்காலிய வேற யாருக்காச்சும் போடச் சொல்லுங்கய்யா."

கன்னியப்பன் சார் நான் அடித்துக் கொடுத்த ஐந்து வரியை மைக்கில் படித்தார். மோனிகா முடிவுப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "முப்பத்தேழு செகண்டா?" என்று தனக்குத்தானே கேட்டாள். பிறகு அக்காவிடம் வந்து கை கொடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

முடிவுப் பட்டியலை அன்றைக்கே அடித்துக் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்குக் கன்னியப்பன் சார் வந்து கையெழுத்துப் போட்டதும் மெயிலில் அனுப்பிவிடுவார்கள். அதற்காகக் குரு சார் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பறையைத் திறந்து வைத்திருந்தார். மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். எண், பெயர், கிளம்பிய நேரம், வந்த நேரம், எடுத்துக்கொண்ட நேரம். ஐந்து கட்டங்கள். எதையும் என் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அடிக்க எனக்கு வராது.

ஆறு வரை சரியாக இருந்தது. எட்டாம் எண்ணுக்குப் பட்டியலில் 6.38. என் நோட்டில் 6.37.

நோட்டில்தான் தப்பு என்று முதலில் நினைத்தேன். அப்படித்தான் எப்போதும் இருக்கும். கிளினிக்கிலும் நான் தேதி மாற்றி எழுதியிருக்கிறேன். அழித்துவிட்டு 38 என்று எழுதலாம் என்று பென்சிலை எடுத்தேன். அதற்குள் அடுத்த வரியைப் பார்த்தேன். '6.38. ஒன்பது வரவில்லை. கூப்பிட்டால் கடிகாரத்தைக் காட்டுகிறாள்.' அதற்கடுத்து, '6.39. ஒன்பது.'

6.38க்கு மேடை காலி. காலியாக இருந்த மேடையிலிருந்து அக்கா எப்படிக் கிளம்பியிருக்க முடியும்?

இன்னும் இரண்டு தடவை முதலிலிருந்து படித்தேன். ஏழாம் எண் வராவிட்டால் ஏழின் நிமிடம் காலியாகப் போக வேண்டும். அது அவளுடைய நிமிடம். வேறு யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. நான் பன்னிரண்டு இல்லையென்றால் பதின்மூன்றைக் கூப்பிடுகிறவள். அக்காவை ஒரு நிமிடம் முன்னால் அனுப்பிவிட்டேன். லேப்டாப் 6.38லிருந்து கழித்தது. அக்கா ஓட்டிய ஒரு நிமிடம் கணக்கில் வரவே இல்லை. வந்து சேர்ந்தது 7.07.21. அதிலிருந்து 6.37ஐக் கழித்தேன். முப்பது நிமிடம் இருபத்தொரு வினாடி. மோனிகாவைவிட இருபத்துமூன்று வினாடி அதிகம்.

அந்தத் திமிர் பிடித்த பெண் மட்டும்தான் அன்று சரியாக நின்றிருக்கிறாள்.

குரு சாரிடம் நோட்டைக் காட்டினேன். சார் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"நீ பதட்டத்துல மாத்தி எழுதியிருப்ப. லேப்டாப் தப்பு பண்ணுமா?"

"லேப்டாப்புக்கு நான் அடிச்ச லிஸ்ட்தான் சார் போச்சு."

சார் மறுபடி நோட்டைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "கன்னியப்பன் ஆறு மணிக்கு வருவாரு. மெயில் போயிட்டா அப்பறம் யாரும் தொட முடியாது," என்றார். அது பயமுறுத்தலா ஆறுதலா என்று எனக்குப் புரியவில்லை.

யாரும் புகார் கொடுக்கவில்லை. யாருக்கும் தெரியாது. நோட்டு என்னுடையது. இப்படி நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அடைக்கலராஜ் ஆடியதையும் நினைத்தேன், வேப்பமரத்தடியில் நின்ற பெண் கையைத் திருப்பிக் காட்டியதையும் நினைத்தேன். கன்னியப்பன் சாரிடம் முதலில் சொல்லலாம். ஆனால் அக்கா அதை வேறு யார் வாயாலோ கேட்க நேரும். அது சரியில்லை என்று பட்டது. மூன்று நாற்பதுக்குச் சைக்கிளை எடுத்தேன்.

அவர்கள் வீட்டில் பிரியாணி வாசனை. தெருக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வா டோக்கன், சாப்டியா?" என்றார் அடைக்கலராஜ். "இன்னிக்கி உனக்குத்தான் மொத டோக்கன். உக்காரு."

நின்றுகொண்டே சொன்னேன். நோட்டை விரித்து வைத்து, ஏழு, எட்டு, ஒன்பது என்று விரலால் காட்டிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் நடுவில் எங்கோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"போதும், புரிஞ்சிது," என்றார் அக்கா.

"இன்னா புரிஞ்சிது?" அடைக்கலராஜ் தட்டைக் கீழே வைத்தார். "ஏறுன்னாங்க, ஏறுச்சு. போன்னாங்க, போச்சு. ஒரு நிமிசம் முன்னாடி அனுப்புன்னு நாங்க கேட்டமா? இவ கூப்ட்டா, அந்தப் பெருசு கையத் தூக்குச்சு. அவங்க தப்புக்கு இது ஏன் எடத்த உடணும்?"

"ராஜு."

"இன்னா ராஜு? ஆறு மாசமா நாலு மணிக்கு எழுந்து வேன எடுத்துக்கினு உன் பின்னாடி வந்தவன் நானு. நீ சும்மா இரு டோக்கன். அந்த நோட்டக் கிழிச்சுப் போடு."

அவர்கள் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

அக்கா எழுந்து உள்ளே போய் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். பொத்தானை அழுத்தினார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். 30.21.

"காலைலேருந்து தொறக்கல," என்றார் அக்கா.

கேட்கக் கூடாது என்று தோன்றுவதற்குள் கேட்டுவிட்டேன். "ஏங்க்கா தொறக்கல?"

அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "இருவத்தொம்பது இருவத்தொண்ணு நான் முன்னாடி ஓட்டியிருக்கேன். விழறதுக்கு முன்னாடி. எறங்கி வாந்தி எடுத்தேன், ரெண்டு பேர் தாங்கிப் புடிச்சாங்க. இன்னிக்கி நானே நின்னு தண்ணி குடிச்சேன். காலுக்குத் தெரியும். காத்து நல்லா இருந்துச்சோன்னு பாத்தேன். ரோடு எறக்கமோன்னு பாத்தேன். போயிட்டு வர ரோட்டுல எறக்கம் எங்கேர்ந்து வரும்? சரி, ராத்திரி தொறந்துக்கலாம்னு வச்சிட்டேன்."

"மெயில் போனப்பறம்," என்றேன்.

"ஆமா. மெயில் போனப்பறம்."

அடைக்கலராஜின் குரல் இறங்கிவிட்டது. "சரி, மறுபடி ஓட்டச் சொல்லலாம். நாளைக்கி. ரெண்டு பேரும்."

"அந்தப் பொண்ணு ஜெயிச்சிட்டாடா. ஜெயிச்சவளப் போயி, இன்னொரு வாட்டி ஜெயின்னு சொல்லுவியா?"

"அப்ப உன் தாய்லாந்து?"

அக்கா செருப்பைத் தேடினார். "வேன எடு. அஞ்சு மணி ஆவப்போவுது."

அம்மா என் கையில் ஒரு தட்டைத் திணித்தார். வேனில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கியதா என்று கேட்டால் இறங்கியது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. என் சைக்கிள் பின்னால் கட்டியிருந்த கயிற்றில் ஆடிக்கொண்டே வந்தது.

கன்னியப்பன் சார் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். அக்காவைப் பார்த்து, "வா வா, கையெழுத்துப் போடறதப் பாக்க வந்தியா?" என்று சிரித்தார். நான் நோட்டைக் கொடுத்தேன். அக்கா பெட்டியைக் கொடுத்தார். சார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"உன்னக் கூப்பிடத்தான சொன்னேன்? முன்னாடி தள்ளவா சொன்னேன்?"

"தப்பு என்னுதுதான் சார்."

"கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். ஆள் யாருன்னு பாக்கல," என்றார் சார். அது எனக்குச் சொன்னதில்லை. பிறகு அக்காவைப் பார்த்தார். "புகார் குடுக்க அரை மணி நேரந்தான் டைம். அது காலையிலியே முடிஞ்சிது. இப்ப நீ எழுந்து போயிட்டன்னாகூட ரூல்ஸ்ல யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. தெரியுமில்ல?"

"புகார் இல்ல சார். கழிச்சது தப்பாப் போச்சு. திருத்திடுங்க."

அடைக்கலராஜ் வெளியே போய் வேன் கதவில் சாய்ந்துகொண்டார்.

சார் பெருமூச்சு விட்டார். "திருத்தி அடிம்மா. கீழ காரணம்னு ஒரு வரி போடணும். கடிகாரக் கோளாறுன்னு போட்டுரு. யாருக்கும் கெட்ட பேரு வேணாம்."

தாளை மாற்றி மாட்டினேன். மோனிகாவை முதலாவதாகவும் அக்காவை இரண்டாவதாகவும் அடித்தேன். அந்த ஒரு வரிக்கு வந்ததும் நின்றேன். கடிகாரம் காலையிலிருந்து சரியாகத்தான் ஓடியது. 'ஏழாம் எண் வராததால் எட்டாம் எண் ஒரு நிமிடம் முன்னதாக மேடைக்கு அழைக்கப்பட்டார். அழைத்தவர் மஞ்சு' என்று அடித்தேன். என் பெயரில் எழுத்துப் பிழை இல்லையே என்று பார்த்துக்கொண்டேன். சார் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மோனிகாவுக்கு நானே போன் பண்ணுகிறேன் என்றார் அக்கா. அவள் சேலம் பஸ்ஸில் கள்ளக்குறிச்சியைத் தாண்டிவிட்டிருந்தாள். இரைச்சலில் சரியாகக் கேட்காததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, வெளயாடாதீங்க."

"வெளயாட்டு இல்ல. நீதான் ஃபர்ஸ்ட். பேப்பர்ல கையெழுத்து ஆயிடுச்சு. இருவத்தி மூணு செகண்ட்."

அந்தப் பக்கம் கண்டக்டர் யாரையோ இறங்கச் சொல்வது மட்டும் கேட்டது. அப்புறம் அவள் மெதுவாக, "அந்தக் கூப்பிடற அக்காகிட்ட நான் வாச்சக் காட்டுனேன்," என்றாள்.

"தெரியும். பக்கத்துலதான் நிக்கிறா. முழிச்சிக்கினு."

மோனிகா சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அக்கா பேச்சை மாற்றினார். தேசியப் போட்டி நடக்கப்போகும் சாலையில் அவர் மூன்று தடவை ஓட்டியிருக்கிறார். "ரெண்டாவது மேம்பாலம் வரும். ஏறும்போது எல்லாரும் கியர் கொறைப்பாளுங்க, நீ கொறைக்காத. எறங்குனதும் எடது பக்கத்துலேருந்து காத்து அடிக்கும், தலையத் தூக்காத. திரும்பற எடத்துல மணல் கெடக்கும், மொத நாளே போயி நடந்து பாரு. எழுதிக்கிறியா?"

"பஸ் ரொம்ப ஆடுதுக்கா."

"சரி, டோக்கன் எழுதி அனுப்பும்."

நான் எழுதினேன். இருபது நிமிடம் பேசினார். எந்தக் கிலோமீட்டரில் சாலை கரடுமுரடாகும், எங்கே தண்ணீர் குடிக்கலாம், எந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று தோன்றும் ஆனால் இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கம் வந்தது. அதையெல்லாம் அவர் தனக்காக வைத்திருந்தது என்பது எழுதும்போதே தெரிந்தது.

போனை வைத்த பிறகு அக்கா ஒரு தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கன்னியப்பன் சார் மெயில் அனுப்பப் போய்விட்டார். குரு சார் ஜன்னல்களைச் சாத்தினார். அடைக்கலராஜ் உள்ளே வந்து, "அந்த மேனேஜருக்கு இன்னா சொல்லப் போற?" என்றார்.

"இந்த வருசம் நேஷனல் இல்லன்னு சொல்லணும். அவ்ளோதான். அடுத்த வருசம் வரைக்கும் அந்தாளு எனக்காக எடத்த வச்சிக்கினு இருப்பாரா இன்னா?"

"இருக்க மாட்டாரு."

"இருக்க மாட்டாரு," என்று அக்காவும் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டேன். ஏற்கெனவே வேனில் இரண்டு தடவை கேட்டிருந்தேன். அக்கா அதைக் காதில் வாங்காமல், "விழுப்புரம் எவ்ளோ தூரம் மஞ்சு?" என்றார். அன்றுதான் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இங்கேர்ந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர்க்கா. பஸ்ல ஒன்னேகால் மணி நேரம் ஆவும்."

அக்கா விரலால் மேசையில் ஏதோ போட்டுப் பார்த்தார். "நின்னு நின்னு போவான் பஸ்ஸுக்காரன். சைக்கிள்ல அவனுக்கு முன்னாடி போயிடலாம். போவ முப்பத்தெட்டு, வர முப்பத்தெட்டு. ஆபீஸ் பத்து மணிக்குத்தான்."

"சேலையக் கட்டிக்கினா?" என்றார் அடைக்கலராஜ்.

"பையில போட்டுக்கினு." கதவருகில் போனவர் நின்று யோசித்தார். "அந்த ஆபீஸ்ல குளிக்க எடம் இருக்குதான்னு கேக்கணும். உனக்கு அங்க யாரையாச்சும் தெரியுமா?"

எனக்கு யாரையும் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.